ஸ்வீடனில் ஒரு பெண் குழந்தைக்குப் பெயர்

ஸ்வீடனில் பிறக்கும் குழந்தைக்குப் பெயருக்கு முன்பே எண் வந்துவிடுகிறது. பிரசவம் நடந்த மருத்துவமனை பிறப்பை வரித்துறைக்குத் தெரிவிக்கும். அந்நாட்டில் மக்கள் பதிவேட்டைப் பராமரிப்பது அத்துறைதான். பிறந்த ஆண்டு, மாதம், நாள், அவற்றுக்குப் பின் நான்கு இலக்கங்கள் என்று ஓர் அடையாள எண் உருவாகும். அந்த நான்கில் மூன்றாம் இலக்கம் இரட்டைப்படை என்றால் பெண், ஒற்றைப்படை என்றால் ஆண். இப்படிப் பெண் என்று பதிவாகிவிட்ட குழந்தைக்குப் பெயர் சொல்லப் பெற்றோருக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. மின்னணு அடையாளம் கொண்டு இணையத்தில் பதியலாம். படிவம் நிரப்பியும் அனுப்பலாம். பொறுப்பாளர்கள் இருவர் என்றால் இருவரும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மூன்று மாதம் என்பது பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டால் பெரிய தாராளம். 1686ஆம் ஆண்டுத் தேவாலயச் சட்டப்படி, பிறந்த எட்டு நாளுக்குள் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தாக வேண்டும். பெயரும் அங்கேயே இடப்படும். அதை ஊர்ப் பங்குக் குரு ஏட்டில் எழுதுவார். மக்கள் பதிவேடு 1991 ஜூலை 1 வரை தேவாலயப் பங்குகளின் கையில்தான் இருந்தது. அன்றுதான் வரித்துறைக்கு மாறியது. 2000ஆம் ஆண்டில் ஸ்வீடன் திருச்சபையும் அரசும் பிரிந்தன. இன்று பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களே அத்திருச்சபையில் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். இடம் மாறியதோடு முடிவெடுப்பவர்களும் மாறிவிட்டார்கள். முன்பு பாட்டிமார், ஞானப் பெற்றோர், ஊர் வழக்கம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்ததை இப்போது தாயும் தந்தையும் தனியாக உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பெயர் தேர்வது ஒரு சிக்கலாக ஆனதே இதற்குப் பிறகுதான் என்று சொல்லலாம்.

தேர வேண்டியதும் பெரும்பாலும் ஒரே பெயர் அல்ல. ஸ்வீடனில் இரண்டு, மூன்று முதற்பெயர்கள் வைப்பது சர்வ சாதாரணம். அவற்றுள் ஒன்று அழைப்புப் பெயர். அதை ‘டில்டால்ஸ்நம்ன்’ என்பார்கள். அது வரிசையில் முதலில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படிவங்களில் அதன்கீழ் கோடிட்டோ உடுக்குறி இட்டோ காட்டுவார்கள். எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் 1907இல் பிறந்தபோது பெற்ற பெயர் அஸ்ட்ரிட் அன்னா எமிலியா எரிக்சன். 1909இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதல் பெண்ணின் முழுப்பெயர் செல்மா ஒட்டிலியா லொவிசா லாகர்லொஃப். நம் காலத்துக்கு வந்தால், சூழலியல் போராளி கிரேட்டா துன்பெரியின் முழுப்பெயர் கிரேட்டா டின்டின் எலியோனோரா எர்ன்மன் துன்பெரி. பழைய ஸ்வீடிஷ் பெயர் ஒன்று, பெல்ஜியப் படக்கதை நாயகன் பெயர் ஒன்று, ஐரோப்பிய அரண்மனைகளில் உலவிய பெயர் ஒன்று, பிறகு தாய் வழிக் குடும்பப்பெயர், தந்தை வழிக் குடும்பப்பெயர் என்று ஐந்தும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

பின்னால் வரும் பெயர்கள் குடும்பச் சமாதானத்துக்கும் உதவுகின்றன. முதற்பெயரில் பெற்றோர் தங்கள் ரசனையைக் காட்டுவார்கள். இரண்டாம், மூன்றாம் இடங்களை இரண்டு பாட்டிமாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். எல்லா முதற்பெயர்களையும் சேர்த்து எண்ணினால் ஸ்வீடன் பெண்களிடையே மிகப் பரவலான பெயர் மரியா. அழைப்புப் பெயரை மட்டும் எண்ணினால் அன்னா. மரியா என்று பதிவானவர்களில் மிகப் பலர் அப்பெயரால் அழைக்கப்படுவதில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

ஸ்வீடிஷ் பெயர் வேண்டும் என்று தேடுகிறவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, எது ஸ்வீடிஷ் பெயர் என்பதுதான். அண்மைக் காலத்தில் பட்டியலின் உச்சியில் நிற்கும் அலிஸ், மாயா, எல்சா, வேரா, அஸ்ட்ரிட் ஆகியவற்றையே எடுத்துக்கொள்ளலாம். அலிஸ் பழைய ஜெர்மானிய அடெல்ஹைடிலிருந்து பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்தது. மாயா, மரியாவின் செல்லப்பெயர். எல்சா, எலிசபெத்தின் சுருக்கம். வேர் எபிரேயத்தில் இருக்கிறது. வேரா ரஷ்யப் பெயர். ஐந்தில் அஸ்ட்ரிட் ஒன்றே வடபுலத்து மண்ணில் முளைத்தது. ஆனாலும் ஐந்தையும் ஸ்வீடன்காரர்கள் தங்கள் பெயர்களாகவே உணர்கிறார்கள். ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த பின் அந்நாட்டு வாயில் எப்படித் தேய்ந்தது, எந்தத் தலைமுறைப் பெண்களின் பெயராக இருந்தது என்பவைதான் அங்கே எடை பெறுகின்றன.

ஆயினும் அடியில் கிடக்கும் அடுக்கு வடபுலத்து மொழியான பழைய நார்ஸின் அடுக்குதான். அக்காலப் பெயர்களில் பெரும்பகுதி இரண்டு உறுப்புகளால் ஆனவை. தெய்வத்தைக் குறிக்கும் ஓர் உறுப்பும் அழகைக் குறிக்கும் ஓர் உறுப்பும் சேர்ந்தது அஸ்ட்ரிட். வெற்றியும் அழகும் சேர்ந்தது சிக்ரிட். இங் என்ற தெய்வப் பெயரோடு அழகு சேர்ந்தால் இங்ரிட். காவல் சேர்ந்தால் இங்கெபோரி. குன்ஹில்ட் என்பதில் முதல் உறுப்புக்கும் போர், இரண்டாம் உறுப்புக்கும் போர். இரண்டு உறுப்புகளையும் கூட்டி ஒரு வாக்கியம்போலப் பொருள் சொல்லும் பெயர் விளக்க நூல்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. பெயர் வைத்தவர்கள் பொருள் கூட்டிப் பார்க்கவில்லை. தந்தை பெயரிலிருந்து ஓர் உறுப்பு, தாய் வழியிலிருந்து ஓர் உறுப்பு என்று எடுத்து, குலத் தொடர்பு ஒலியில் கேட்கும்படி இணைத்தார்கள். ஆகவே ‘போர்ப்போர்’ என்றொரு பெண் பெயர் உருவானதில் அவர்களுக்கு விநோதம் எதுவும் தோன்றியிராது. அந்தக் குன்ஹில்டுக்கு ஒரு கிளைக்கதையும் உண்டு: 1330ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில் இருந்த பெரிய எறிகருவி ஒன்றுக்கு இப்பெண் பெயரையே சூட்டியிருந்தார்கள், ஆங்கிலத்தில் துப்பாக்கிக்கு வழங்கும் ‘கன்’ என்ற சொல் அதிலிருந்து பிறந்தது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. குன் என்ற பெயருள்ள ஸ்வீடன் மூதாட்டிகள் இன்றும் பலர் இருக்கிறார்கள்.

இப்பெயர்களைப் பெண்கள் தாங்கியதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே டேபி வட்டாரத்தில் 11ஆம் நூற்றாண்டின் ரூன் எழுத்துக் கற்கள் பலவற்றில் எஸ்ட்ரிட் என்ற பெண் வருகிறாள். அஸ்ட்ரிடின் கிழக்கு வழக்கு அது. அவள் நட்டுவித்த கற்களில் ஒன்று, ஜெருசலேம் சென்று கிரேக்கர் நாட்டில் இறந்த கணவன் எய்ஸ்டைனுக்கு உரியது. எஸ்கில்ஸ்டூனாவுக்கு அருகில் ராம்சுண்ட் பாறையில், ஏறத்தாழ 1030இல், நாகத்தைக் கொன்ற சிகுர்டின் கதை கோட்டோவியமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் உள்ள எழுத்து, இறந்தவர் ஆன்மாவுக்காகச் சிக்ரிட் என்பவள் பாலம் கட்டுவித்ததைச் சொல்கிறது. படம் பழைய கதையைக் காட்டுகிறது; பாலம் கட்டுவது புதிய சமயத்தின் புண்ணியம்.

அந்தப் புதிய சமயம் கொண்டுவந்த பெயர்கள்தான் அடுத்த அடுக்கு. இரண்டும் ஒரே வீட்டில் இருந்ததற்குப் புனித பிர்கிட்டாவின் குடும்பம் நல்ல சான்று. 1303இல் பிறந்து 1373இல் ரோமில் இறந்த அவருடைய பெயர், அயர்லாந்துப் புனிதை பிரிஜித்தின் பெயர் வடக்கே வந்து மாறிய வடிவம். தாயின் பெயர் இங்கெபோரி. பிர்கிட்டாவின் நான்கு மகள்களுக்கு மேர்டா, காதரீனா, இங்கெபோரி, செசிலியா என்று பெயர். மூன்று பெயர்கள் திருச்சபை தந்தவை. ஒன்று பாட்டியின் பழைய பெயர். 1391இல் பிர்கிட்டா புனிதராக அறிவிக்கப்பட்ட பின் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. மரியாவின் கதை வேறு. கடவுளின் தாய் பெயரைச் சாதாரணக் குழந்தைக்கு வைக்க இடைக்காலத்தில் தயங்கினார்கள். சீர்திருத்தத் திருச்சபை வந்து அந்த அச்சம் குறைந்த பிறகே அது பரவலானது. இன்று எல்லாவற்றிலும் முந்தி நிற்கும் பெயர் அவ்வளவு தாமதமாக வந்தது.

திருச்சபைப் பெயர்களை ஸ்வீடன் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. காதரீனா தேய்ந்து காரின் ஆனது; காரினைக் கொஞ்சி அழைத்தபோது கைசா ஆனது. கிறிஸ்டீனாவிலிருந்து ஷெஷ்டின் என்று ஒலிக்கும் பெயரும் ஸ்டீனாவும் வந்தன. மார்கரேட்டா, மேர்டாவையும் மார்கிட்டையும் கிரேட்டாவையும் தந்தது. மக்தலேனாவிலிருந்து மாலின், ஹெலேனாவிலிருந்து ஏலின், எலிசபெத்திலிருந்து லீசா, லிஸ்பெத், எல்சா, பிர்கிட்டாவிலிருந்து பிரிட்டா, சார்லொட்டாவிலிருந்து லொட்டா. லேனா மட்டும் மக்தலேனாவுக்கும் ஹெலேனாவுக்கும் பொதுப் பிள்ளை. தொடக்கத்தில் இவை வீட்டுப் பெயர்கள். குரு தம் ஏட்டில் கிறிஸ்டீனா என்று எழுத, ஊர் அவளை ஸ்டீனா என்று கூப்பிட்டது. பின்னால் சுருக்கமே பதிவுப் பெயராகிவிட்டது. இன்று ஒரு பெற்றோர் ‘எளிமையான, உண்மையான ஸ்வீடிஷ் பெயர்’ என்று சொன்னால் பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது கடுமையான நார்ஸ் பெயரல்ல. இந்தத் தேய்ந்த வடிவங்களில் ஒன்றுதான். என் கணிப்பில் ஸ்வீடிஷ் பெயர் மரபின் தனித்தன்மையே இந்தத் தேய்மானத்தில் இருக்கிறது.

உழவர் குடும்பங்களில் பெயர்த் தேர்வு என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. முதல் மகள்களுக்குப் பாட்டிமார் பெயர். ஒரு குழந்தை இறந்தால் அடுத்துப் பிறக்கும் பெண்ணுக்கு அதே பெயர். மனைவி இறந்து கணவன் மறுமணம் செய்துகொண்டால், புது மனைவிக்குப் பிறக்கும் முதல் பெண்ணுக்கு இறந்தவளின் பெயரை வைப்பதும் வழக்கம். இதனால் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் பங்கு ஏடுகளில் அன்னா, காரின், ஷெஷ்டின், பிரிட்டா, கிறிஸ்டீனா, மரியா என்று ஒரு சில பெயர்களே பக்கம் பக்கமாக வருகின்றன. ஆளை வேறுபடுத்த அது போதாதபோது இரண்டு பெயர்களை இணைத்தார்கள்: அன்னா ஸ்டீனா, மாயா லீசா. மேட்டுக்குடியோ வேறு வழியில் போனது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன், பிரெஞ்சு அரண்மனைப் பெயர்களான உல்ரிக்கா, லொவிசா, சார்லொட்டா ஆகியவை மேலிருந்து கீழாக இறங்கின. எப்பா போன்ற பெயர்களில் பிரபுத்துவ வாசனை இன்றும் முழுக்கப் போய்விடவில்லை. இளமையில் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் மன்னரின் காதலியாக இருந்த எப்பா பிராஹேயை வரலாறு படித்த எந்த ஸ்வீடன்காரரும் அறிவார்.

19ஆம் நூற்றாண்டில் ஒரு திருப்பம். 1809இல் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்த நாடு தன் பழம்பெருமையைத் தேடியது. 1811இல் ‘யோத்தியச் சங்கம்’ தோன்றியது. வைக்கிங் காலத்தைப் போற்றிய கவிஞர்கள் அதில் கூடினார்கள். எசையாஸ் டெக்னேர் அதே ஆண்டு ‘ஸ்வேயா’ என்ற நெடுங்கவிதைக்கு ஸ்வீடிஷ் அகாதமியின் பரிசு பெற்றார். 1825இல் அவருடைய ‘ஃப்ரித்யோஃப் காவியம்’ வெளிவந்தது. காவிய நாயகி இங்கெபோரி. நாட்டையே பெண்ணாக உருவகித்த ஸ்வேயா, நாயகி இங்கெபோரி, அவற்றோடு அஸ்ட்ரிட், சிக்ரிட், சிங்னே, குட்ருன் எல்லாம் அந்நூற்றாண்டில் படிப்படியாகத் தொட்டிலுக்குத் திரும்பின. அதாவது வைக்கிங் காலம் தொட்டு அறுபடாமல் வந்ததாக இன்று எண்ணப்படும் பெயர்களில் பல, இடையில் நூற்றாண்டுக் கணக்கில் அருகிப்போயிருந்து, கவிஞர்களால் மீட்கப்பட்டவை. இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. ஸ்காட்லாந்தின் பண்டைக் கவி ஓசியன் பாடியதாகச் சொல்லி ஜேம்ஸ் மெக்ஃபர்சன் வெளியிட்ட பாடல்கள் ஐரோப்பாவையே மயக்கின. செல்மா என்ற பெயர் பரவ அவையே மூலம். அங்கே அது மன்னன் மாளிகையின் பெயர், பெண்ணின் பெயரே அல்ல. ஸ்வீடன் மன்னர்களின் ஆஸ்கர் என்ற பெயரும் அதே பாடல்களிலிருந்து வந்ததுதான். புனைந்த தொன்மை ஒன்று உண்மையான தொன்மைக்கு இணையாக வேரூன்றிவிட்டது.

இயற்கைப் பெயர்களில் லினேயாவுக்கு இணை இல்லை. தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸின் தந்தை, தம் குடும்ப நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தை வைத்து லின்னேயஸ் என்ற குடும்பப்பெயரை அமைத்துக்கொண்டார். மகனைப் பெருமைப்படுத்த, ஊசியிலைக் காட்டின் தரையில் இரட்டை மணிபோல் தொங்கும் சிறு இளஞ்சிவப்புப் பூவுக்கு லின்னேயா என்று பெயரிட்டார்கள். பூவின் பெயர் பிறகு பெண்ணின் பெயரானது. மரம், குடும்பம், பூ, பெண் என்று நான்கு படி கடந்து வந்த இப்பெயர், முதற்பெயராக மட்டுமன்றி எந்தப் பெயருக்குப் பின்னும் பொருந்தும் இரண்டாம் பெயராகவும் பெரிதும் விரும்பப்படுகிறது.

20ஆம் நூற்றாண்டில் தலைமுறைக்குத் தலைமுறை பெயர்கள் மாறத் தொடங்கின. ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டு வயதைச் சொல்லிவிடலாம் என்ற நிலை வந்தது. பிர்கிட்டா, குனில்லா, பார்ப்ரோ, உல்லா, இங்கெர், மோனிக்கா என்றால் 1930கள் முதல் 1950கள் வரை பிறந்தவர். பிரிட்-மரீ, அன்-மரீ, குன்-பிரிட் என்று இடையே சிறுகோடு இட்ட இரட்டைப் பெயர்களும் அக்காலத்தவை. லிண்டா, யென்னி, ஓசா, அன்னிக்கா என்றால் 1970களைச் சுற்றி; எம்மா, சாரா, யோஹன்னா என்றால் 1980களும் 90களும். 1990களில் ‘மின்னுதல்’ என்ற வினையிலிருந்தே டின்ட்ரா என்றொரு பெயர் கிளம்பிப் பரவியது.

பிறகு நடந்ததுதான் இப்பொருளில் மிகவும் சுவையானது. எல்சா, அஸ்ட்ரிட், சிங்னே, அல்மா, செல்மா, எப்பா, மேர்டா, வேரா ஆகியவை 1900ஐ ஒட்டிப் பிறந்தவர்களின் பெயர்கள். 1960களில் இவை கிழவிகளின் பெயர்கள், குழந்தைக்கு வைப்பாரில்லை. 2000க்குப் பிறகு இவையே பட்டியலின் மேல்வரிசைக்கு வந்துவிட்டன. ஸ்வீடனில் இதை ‘நூறாண்டு விதி’ என்பார்கள். இதன் இயக்கம் எளிது. தாயின் பெயர் தாயின் பெயராகவே கேட்கிறது. பாட்டியின் பெயர் முதுமையை நினைவூட்டுகிறது. பாட்டியின் தாயையோ நேரில் கண்ட நினைவு மங்கிவிடுகிறது. அவளுடைய பெயர் எஞ்சியிருப்பது பழைய புகைப்படத்திலும் குடும்பக் கதையிலும்தான். நோயும் நரையும் ஒட்டாத பெயர் அது. பெயர் வழக்குகளை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன், 2000இல் வெளியிட்ட நூலில், வெளியுலக நிகழ்ச்சிகளைவிட ரசனைக்குள்ளேயே ஓடும் இத்தகைய இயக்கங்களே பெயர்களை மாற்றுகின்றன என்று வாதிட்டார். ஸ்வீடனின் எல்சா அவர் பக்கம் பேசுகிறாள். 2013 இறுதியில் வெளிவந்த ‘ஃப்ரோசன்’ திரைப்படத்தின் அரசி எல்சா. 2014இல் ஸ்வீடனில் எல்சா முதலிடம் பிடித்தது. படம்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் படம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எல்சா ஏறிக்கொண்டிருந்தது. படம் ஓடும் ரயிலில் ஏறிக்கொண்டது.

இந்த விதி சரியென்றால் குனில்லாக்களும் ஷெஷ்டின்களும் இனிமேல்தான் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். இன்று குனில்லா என்று பெயர் வைக்கும் பெற்றோர் துணிச்சல்காரர். முப்பது ஆண்டு கழித்து வைப்பவர் கூட்டத்தோடு போகிறவராக இருக்கக்கூடும்.

ஆண்டுதோறும் ஜனவரியில் மையப் புள்ளியியல் நிறுவனம் முந்தைய ஆண்டின் பெயர்ப் பட்டியலை வெளியிடும். நாளிதழ்கள் அதைத் தேர்தல் முடிவுபோல் அச்சிடும். 2010களின் பிற்பகுதியில் அலிஸ் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. ஆனால் முதலிடத்தின் எடை முன்புபோல் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் குழந்தைகள் பிறக்கும் நாட்டில், முதலிடப் பெயரைப் பெறுவது பெண் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. தங்கள் மகளுக்கு எல்லாரும் வைக்கும் பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சும் பெற்றோர் இந்த விகிதத்தைப் பார்ப்பதில்லை. பழைய பங்குப் பள்ளியில் ஒரே வகுப்பில் பல அன்னாக்கள் இருந்திருப்பார்கள். இன்றைய வகுப்பில் இரண்டு அலிஸ்கள் வந்தாலே அதிகம்.

அரச குடும்பத்தின் செல்வாக்கு ஒரு காலத்தில் பெரிது. நடிகை இங்ரிட் பெரிமனுக்கு 1915இல் வைத்த பெயர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிறந்த இளவரசி இங்ரிடின் பெயர். இன்று அரச குடும்பம் வழிகாட்டுவதைவிட விவாதத்தைக் கிளப்புகிறது. 2012இல் பட்டத்து இளவரசி விக்டோரியாவின் மகளுக்கு எஸ்டெல் சில்வியா ஏவா மேரி என்ற பெயரை மன்னர் அமைச்சரவைக் கூட்டத்தில் அறிவித்தபோது, வருங்கால அரசிக்கு இப்படி ஒரு பிரெஞ்சுப் பெயரா என்று எதிர்ப்பு எழுந்தது. பெர்னடோட் அரச மரபே 1810இல் பிரான்சிலிருந்து வந்தது என்பதையும், அக்குடும்பத்தில் முன்பே ஓர் எஸ்டெல் இருந்ததையும் நினைத்தால் அந்த எதிர்ப்பில் சிறிது நகைச்சுவையும் இருக்கிறது.

புத்தகங்களும் பெயர் தந்திருக்கின்றன. அஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் 1981இல் ‘கொள்ளையன் மகள் ரோன்யா’ என்ற நாவலை வெளியிட்டார். ரோன்யா என்ற பெயர் அதற்கு முன் ஸ்வீடனில் வழக்கத்தில் இல்லை. லாப்லாந்தின் யூரோன்யாவ்ரே ஏரியின் பெயர் நடுவிலிருந்து அவர் அதை வெட்டி எடுத்தார். இன்று அது உயிருள்ள பெண்களின் பெயர். அவருடைய மற்றொரு படைப்பான பிப்பிக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பிப்பிலொட்டா விக்டுவாலியா ருல்கர்டீனா க்ரூஸ்மின்டா எஃப்ரைம்ஸ்டோட்டர் என்று உணவுப் பொருளும் சன்னல் திரையும் புதினாவும் கலந்து நீளும் அவள் பெயர், பல பெயர் வைக்கும் வழக்கத்தையே கேலி செய்வது.

பெயருக்கு நாட்காட்டியிலும் ஓர் இடம் உண்டு. ஆண்டின் ஏறக்குறைய எல்லா நாளுக்கும் ஒன்றோ இரண்டோ பெயர்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்நாள் அப்பெயர் உடையவரின் ‘பெயர்நாள்’. வேர் கத்தோலிக்கப் புனிதர் திருநாள்களில் இருந்தாலும், சீர்திருத்தத் திருச்சபைக்கு மாறிய பின்னும் வழக்கம் விடவில்லை. நாட்காட்டி அச்சிடும் தனியுரிமை 1747 முதல் 1972 வரை அரச அறிவியல் கழகத்திடம் இருந்தது. 1901இல் பெயர் வரிசையைத் திருத்தி வடபுலப் பெயர்கள் பலவற்றைச் சேர்த்தார்கள்; இப்போது வழங்கும் வரிசை 2001இல் அமைந்தது. அன்னாவுக்கு டிசம்பர் 9, லூசியாவுக்கு டிசம்பர் 13, அஸ்ட்ரிடுக்கு நவம்பர் 27. விக்டோரியாவின் மார்ச் 12, பட்டத்து இளவரசியை முன்னிட்டுக் கொடியேற்றும் நாளும் ஆகும். ஜூலை 19 முதல் 24 வரை சாரா, மார்கரேட்டா, யோஹன்னா, மக்தலேனா, எம்மா, கிறிஸ்டீனா என்று ஆறு நாளும் பெண் பெயர்களே வருவதால் அதைப் பெண்கள் வாரம் என்பார்கள். அவ்வாரம் மழை பெய்யும் என்பது ஊர் நம்பிக்கை. பிறந்தநாள் அளவுக்குப் பெயர்நாளை யாரும் கொண்டாடுவதில்லை. ஆயினும் வரிசையில் இல்லாத பெயரை வைத்தால் குழந்தைக்கு நாளே இல்லாமல் போகுமே என்று யோசிக்கும் பாட்டிமார் உண்டு.

சட்டத்துக்கு வருவோம். டென்மார்க்கிலும் ஐஸ்லாந்திலும் அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் உண்டு. ஸ்வீடனில் அப்படி இல்லை. வைக்கும் பெயர் தடைக்குரியதா என்று மட்டும் பார்ப்பார்கள். 1982ஆம் ஆண்டின் பெயர்ச் சட்டமும், அதற்குப் பதிலாக 2017 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் சொல்வது ஏறத்தாழ ஒன்றே: பிறரைப் புண்படுத்தும் பெயர், தாங்குபவருக்கே தொல்லையாகக் கூடிய பெயர், வேறு காரணத்தால் முதற்பெயராகத் தகாத பெயர் ஆகியவை கூடா. வரித்துறை மறுத்தால் நிர்வாக நீதிமன்றம் போகலாம்.

எல்லை எங்கே என்பதை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன. 1996இல் ஹால்ம்ஸ்டாட் நீதிமன்றம், ஐந்து வயதாகியும் மகனுக்குப் பெயர் பதியாத பெற்றோருக்கு 5,000 குரோனர் அபராதம் விதித்தது. அவர்கள் பதிலுக்கு 43 எழுத்தும் எண்ணும் கொண்ட, வாயில் நுழையாத ஒரு தொடரைப் பெயர் என்று கொடுத்து, அதை ‘அல்பின்’ என்று உச்சரிக்க வேண்டும் என்றார்கள். அது ஏற்கப்படவில்லை. 2007இல் கோதன்பர்கில் ஒரு பெண் குழந்தைக்கு அமெரிக்க இசைக்குழு மெட்டாலிக்காவின் பெயரை வைக்க விரும்பினார்கள். வரித்துறை மறுத்தது, நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது, துறை மேல்முறையீடு செய்துவிட்டுப் பின்பு அதைக் கைவிட்டது. ஆண் பெயர், பெண் பெயர் என்ற பிரிவும் தளர்ந்தது: 2009இல் உச்ச நிர்வாக நீதிமன்றம், ஓர் ஆண் மாட்லேன் என்ற பெண் பெயரைத் தம் முதற்பெயர்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. இவ்வளவு சுதந்திரம் இருந்தும் மிகப் பெரும்பாலான பெற்றோர் பழைய அல்மாவிடமும் சிங்னேயிடமும்தான் போய்ச் சேர்கிறார்கள். சட்டம் திறந்துவிட்ட வெளியைவிட ரசனை இட்ட வட்டம் சிறியது.

எழுத்திலும் ஒலியிலும் சில நடைமுறைக் கேள்விகள் எஞ்சுகின்றன. ஸ்வீடிஷ் அகரவரிசையின் கடைசியில் தலைமேல் வளையமோ புள்ளிகளோ இட்ட மூன்று உயிரெழுத்துகள் உண்டு. அவற்றில் ஒன்றில் தொடங்கும் ஓசா, முதற்பெயர் வரிசையில் அமைந்த எந்தப் பதிவேட்டிலும் ஏறக்குறையக் கடைசியில் வருவாள். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் அவ்வெழுத்துகள் ஈரெழுத்துகளாக விரியும். மேர்டா அங்கே வேறு ஆள்போல் தெரிவாள். வில்மாவை ‘வி’யால் எழுதலாம், ‘டபிள்யூ’வாலும் எழுதலாம், உச்சரிப்பு ஒன்றே. ‘டபிள்யூ’வைத் தனி எழுத்தாக ஸ்வீடிஷ் அகாதமியின் அகராதி ஏற்றதே 2006இல்தான். வெளிநாட்டில் பிறமொழிக்காரர் எப்படிப் படிப்பார்கள் என்பதும் இன்று கணக்கில் வருகிறது. ‘ஜே’ எழுத்து யகரமாக ஒலிப்பதால் மாயாவும் ஃப்ரேயாவும் ரோன்யாவும் ஆங்கிலம் பேசுவோர் வாயில் சிதையும். அன்னா, சாரா, எம்மா, நோரா எங்கும் தப்பிவிடும். வேறு நாடுகளிலிருந்து குடியேறிய பெற்றோர் பலர் சாரா, மிரா போல இரண்டு மொழிக்கும் பொதுவான பெயர்களைத் தேடுவதற்கும் இதுவே காரணம். வடக்கே சாமி மக்களிடையே மார்கரேட்டா மாரெத் ஆகவும் பிர்கிட்டா பிரெத் ஆகவும் எப்போதோ தம் மொழிக்கு வந்துவிட்டார்கள். சாமிப் பெற்றோருக்கு அப்பெயர் மொழி உரிமையின் அடையாளமும் கூட.

கடைசியாகக் குடும்பப்பெயர். 19ஆம் நூற்றாண்டு வரை உழவர் வீட்டுப் பெண்ணின் பெயருக்குப் பின்னால் தமிழரின் தலைப்பெழுத்தைப் போலத் தந்தை பெயரே நின்றது: ஆண்டெர்சின் மகள் ஆண்டெர்ஸ்டோட்டர், எரிக்கின் மகள் எரிக்ஸ்டோட்டர். நகரமும் தொழிற்சாலையும் வளர்ந்தபோது தந்தையின் பெயர் உறைந்து பரம்பரைப் பெயரானது; மகளும் ஆண்டெர்சன், அதாவது ஆண்டெர்சின் மகன், ஆனாள். 1901இல் வந்த குடும்பப்பெயர் ஆணை இதை நிலைப்படுத்தியது. 1982ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வழக்கத்துக்கு மறுபடி வாசல் திறந்தது. 2017 முதல் தாய், தந்தை இருவரின் குடும்பப்பெயர்களையும் சேர்த்து இரட்டைக் குடும்பப்பெயராகவும் வைக்கலாம். தந்தை பெயரோ தாய் பெயரோ கொண்டு ‘டோட்டர்’ என்று முடிக்க விரும்புவோர் இன்றும் சிலர் இருக்கிறார்கள். காரினின் மகளை எல்சா காரின்ஸ்டோட்டர் என்று பதியலாம். ஆனால் அப்படி அமைந்த பெயர் அடுத்த தலைமுறைக்கு இறங்காது; எல்சாவின் மகள் எல்சாஸ்டோட்டர் ஆகலாம், அல்லது தந்தையின் குடும்பப்பெயரை எடுத்துக்கொள்ளலாம்.